கதை சொன்ன கோதைநாயகி அம்மாள்

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயசிலேயே கல்யாணம்! பள்ளிக்கூடம் போனதில்லை. பெண் என்றால் அடுப்பங்கரையோடு சரி என்றிருந்த காலம். அவருக்கோ கதை சொல்வதில் தீராத ஆசை. எழுத வராதே, என்ன செய்வார்? அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். கணவர் பார்த்தசாரதியும் துணை நின்றார். அந்நாளில் இது லேசான காரியமா? நம் தோட்டப்புறத்திலேயே ஆறாம் ஆண்டோடு நிறுத்தி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பெண்பிள்ளைகள் எத்தனை பேர்!

பிறகு தாமே எழுதப் பழகினார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். ஊர் வாய்க்குப் பயந்து மனசைப் பூட்டி வைத்த பெண்களுக்காகவும் எழுதினார்; விதவை மறுமணத்தையும் விடவில்லை. 1932-இல் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். 1960-இல் காலமாகும்போது, எழுதத் தெரியாமல் தொடங்கிய அந்த அம்மாளின் நாவல்கள் 115.