கண் வைத்தியம் பார்த்த ராஜா

பல் டாக்டர்கிட்ட போனா முதல்ல ஒரு சீட்டு எழுதுவாரு, பார்த்திருப்பீங்க. எந்தப் பல், என்ன வலி, என்ன செஞ்சார் எல்லாம் அதிலே இருக்கும். சுமார் 200 வருஷம் முன்னாடியே நம்ம தஞ்சாவூரில் கண் நோயாளிகளுக்கு அப்படிச் சீட்டு எழுதியிருக்காங்க!

எழுத வைத்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832). 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறுவருஷமே நெல் விளையும் நாடு முழுசும் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. மிஞ்சியது கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும்தான். வேற ஆளா இருந்தா சும்மா உட்கார்ந்திருப்பார். இவரோ நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். தன்வந்திரி மகாலில் மருந்துகளை ஆராய வைத்தார்.

கண்புரைக்கும் சிகிச்சை நடந்தது. சிகிச்சைக்கு முன்னே பார்வை எப்படி, பின்னே எப்படி என்று குறித்தார்கள். நோயுள்ள கண்ணை வண்ணத்தில் படமாகவும் வரைந்தார்கள். அந்தச் சீட்டுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில்தான் இருக்கின்றன.