கையில் துப்பாக்கி எடுத்த சிறுவன், பறவைகளின் காவலனானது எப்படி? சாலிம் அலியின் கதை

கோவா தலைநகர் பனாஜிக்குப் பக்கத்தில், மாண்டவி ஆற்றின் நடுவே சோராவ் என்று ஒரு தீவு இருக்கு. அதன் மேற்கு முனையில் 1.78 சதுர கிலோமீட்டருக்கு அலையாத்திக் காடு. தண்ணீர் வடியும்போது சேறு வெளியே தெரியும். நண்டும் மீனும் தேடி கொக்கு, மீன்கொத்தி, உள்ளான் எல்லாம் இறங்கும். அதைப் படம் பிடிக்க படகில் கேமராவோடு பலர் காத்திருப்பார்கள்.

அந்தச் சரணாலயத்தின் பெயர், சாலிம் அலி பறவைகள் சரணாலயம். யார் இந்த சாலிம் அலி?

திருப்பிப் போட்ட ஒரு சிட்டு

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார். மூன்று வயசுக்குள் அப்பா, அம்மா இருவருமே இல்லை. தாய்மாமா வளர்த்தார். அவர் வாங்கிக்கொடுத்த விளையாட்டுத் துப்பாக்கியால் சிறுவன் சாலிம் ஒரு நாள் ஒரு சிட்டைச் சுட்டான். கழுத்தில் மஞ்சள் தீற்றல். சாதாரண சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காதே!

சந்தேகம் கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அன்றைக்குப் பிடித்த ஆர்வம் கடைசி வரைக்கும் விடவே இல்லை.

டிகிரி இல்லை, வேலையும் இல்லை

கல்லூரிப் படிப்பு சரியாக ஓடவில்லை. பர்மாவுக்குப் போய் குடும்பத் தொழிலைக் கவனித்தார். கால் போனது என்னவோ காட்டுப் பக்கம்தான். தொழில் நஷ்டம். பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்திலும் வேலை கிடைக்கவில்லை.

1926-ல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பறவையியல் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து பார்த்தால், பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

செலவைக் குறைக்க, மனைவி தெஹ்மினாவோடு மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். வேலையில்லாத அந்த மழைக்காலத்தில்தான் தூக்கணாங்குருவிகளை நாள் கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூட்டைக் கட்டக் கிளம்பிவிடும். ஒரு பறவையைக் கொல்லாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று காட்டிய ஆய்வு அது.

சம்பளமே வாங்காத கணக்கெடுப்பு

அடுத்து சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். பயணச் செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம். அப்படித்தான் ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று ஊர் ஊராகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். கூடவே அலைந்த தெஹ்மினா 1939-ல் இறந்துபோனார். பெரிய அடி. அதிலிருந்து மீண்டு, 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றி வண்ணப் படங்களோடு அவர் கொண்டுவந்த புத்தகம், சாதாரண மக்களையும் வானத்தைப் பார்க்க வைத்தது.

கேமரா பிடித்த நண்பர்

அந்தக் காலப் பறவை ஆய்வுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது. சாலிம் அலியும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரிலிருந்து தப்பி இந்தியா வந்தார் சினிமா அதிபர் லோக் வான் தோ. இருவரும் நண்பர்கள் ஆனார்கள். கட்ச், காஷ்மீர், சிக்கிம் என்று சேர்ந்து சுற்றினார்கள். லோக் எடுத்த பறவைப் படங்கள் உலக அளவில் பேசப்பட்டன. 1964 ஜூன் 20-ல் தைவான் விமான விபத்தில் லோக் இறந்தார். 23 வருஷம் கழித்து, அதே ஜூன் 20-ல் சாலிம் அலியும் மறைந்தார்.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

கோடியக்கரைக்கு வந்த சாலிம் அலி, வலசைப் பறவைகளுக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று உணர்ந்தார். 1967-ல் அது சரணாலயம் ஆனது. அவரது கழகம் அங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்தது. பக்கத்தில் இருக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்த்து 2002-ல் ராம்சர் ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. கோவையில் இருக்கும் பறவையியல் மையத்துக்கும் அவர் பெயர்தான்.

ராஜஸ்தானின் பரத்பூரில் 1938-ல் ஒரே நாளில் 4,000-க்கும் அதிகமான பறவைகளை வேட்டையாடினார்கள். அந்த ஏரி பிழைத்து, 1985-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனதில் சாலிம் அலிக்குப் பெரிய பங்கு உண்டு. பத்ம விபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி எல்லாம் தேடி வந்தது. 50,000 டாலர் சர்வதேசப் பரிசையும் கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அவர் மறைந்து ஒரு வருஷத்தில், 1988-ல் சோராவ் காட்டுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. இப்போது அங்கே போகிறவர்கள் கையில் கேமராவும் பைனாகுலரும்தான். படத்துக்காகக் கூட்டுக்கு ரொம்பக் கிட்டப் போனால், பயந்து பறக்கும் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிடலாம். கிஹிமில் அவர் செய்தது போல, தள்ளி உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தாலே போதும்.