இருமுறை எழுதிய உரை

தமிழ் உரையாசிரியர் வரிசையில் நச்சினார்க்கினியருக்கு உயர்ந்த இடம் உண்டு. மதுரையில் பாரத்துவாச கோத்திரத்து அந்தணர் குடியில் தோன்றியவர், சைவ சமயத்தினர், 14ஆம் நூற்றாண்டினர் என்பர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை ஆகியவற்றுக்கு உரை கண்ட இப்பேரறிஞர், ஒரு நூலுக்குத் தாம் எழுதிய உரையைத் தாமே ஒதுக்கிவிட்டு மீண்டும் மாணவரானார் என்னும் செய்தி நம் மரபில் வழிவழியாக வழங்கி வருகிறது.

அந்நூல் திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி. 13 இலம்பகங்களும் 3,145 செய்யுட்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்துக்கு உரை வரைந்து, அதனைச் சமணச் சான்றோரிடம் காட்டினார். அவர்கள் அதனை ஏற்கவில்லை. சமயக் கருத்து அமைந்த இடங்களில் உரை பொருந்தவில்லை என்றனர்.

இந்த இடர்ப்பாட்டை விளக்க, வினை என்னும் ஒரு சொல்லே போதும். சைவர்க்கு வினைப்பயனை உயிருக்கு ஊட்டுபவன் இறைவன். சமணர்க்கோ வினை என்பது உயிரோடு வந்து ஒட்டும் நுண்பொருள். அதனை ஊட்டுவதற்கு ஓர் இறைவன் இல்லை. தவத்தாலும் நல்லொழுக்கத்தாலும் உயிர் தானே அதனை உதிர்க்க வேண்டும். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. இலக்கணப் புலமை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டைக் கடத்தல் இயலாது.

மறுத்தோரோடு வாதிட்டுத் தம் உரையை நிலைநாட்டும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆயினும் அவர் சித்தாமூர்ச் சமணப் பள்ளியை நாடிச் சென்றார். அங்கே தங்கிச் சமண நூல்களை முறையாகக் கற்றார். அதன்பின் உரையை மீண்டும் எழுதினார். அவ்வுரையைச் சான்றோர் உவந்து ஏற்றனர். பிற சமயத்தவர் என்று கருதாமல் கற்பித்த அப்பள்ளியாரின் செயலும் போற்றத்தக்கதே. நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய சாத்திர தானத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

சொற்களை இடம் பெயர்த்துக் கூட்டிப் பொருள் கொள்ளும் அவர் முறையைப் பிற்காலத்தார் குறை கூறியதுண்டு. எனினும், அவ்வுரை இல்லையேல் சிந்தாமணியின் பல பகுதிகள் நமக்கு விளங்கா. உ.வே.சாமிநாதையர் 1887இல் அந்நூலை அவ்வுரையுடன் அச்சிட்டார். அவரும் கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்களை அணுகி, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தே அப்பணியை நிறைவேற்றினார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வழியே உதவியது.

திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களில் உளியோசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள் கலையின் இயல்பை எளிதில் உணர்வர். கல்லில் உளி பிறழ்ந்தால், அதனை ஒப்புக்கொண்டு வேறு கல்லை எடுப்பவனே நல்ல சிற்பியாவான். ஓலையில் அதனைச் செய்தவர் நச்சினார்க்கினியர். எழுதி முடித்த உரையை ஒதுக்குவது, செதுக்கி முடித்த சிலையை ஒதுக்குவதினும் எளிதன்று.

மேல்சித்தாமூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், வழிபாடு முடிந்தபின் இவ்வரலாற்றையும் சொல்ல வேண்டும். புகழின் உச்சியில் இருந்த ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள வந்து அமர்ந்த ஊர் அது.