சுனிதி சாலமன்

சுனிதி சாலமன் (இறப்பு: ஜூலை 28, 2015) சென்னையைச் சேர்ந்த மருத்துவர், நுண்ணுயிரியல் பேராசிரியர். இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று இருப்பதை 1986 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறிந்த ஆய்வுக்கு வழிகாட்டியவர்.

இளமையும் கல்வியும்

கெய்டொண்டே என்னும் மராத்தியக் குடும்பத்தில் சென்னையில் பிறந்தார். தந்தையார் தோல் வணிகர். எட்டுக் குழந்தைகளுள் இவர் ஒருவரே பெண். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது அறிமுகமான விக்டர் சாலமனை மணந்தார்; விக்டர் பின்னர் இதய அறுவை மருத்துவரானார். இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளில் பணியாற்றி 1973 இல் சென்னை திரும்பினர். சுனிதி, தாம் பயின்ற கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியராகிப் பேராசிரியராக உயர்ந்தார்.

1986 ஆய்வு

எயிட்ஸ் நோய் 1981 இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. அது மேலைநாட்டார் நோய், இந்தியக் குடும்ப ஒழுக்கத்தை மீறி இங்கு நுழையாது என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. மும்பை, புனே ஆகிய நகரங்களில் நடந்த சோதனைகளிலும் தொற்று காணப்படவில்லை. இந்நிலையில் சுனிதி தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இதனையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார்.

நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். கையுறை முதலிய பாதுகாப்பு ஏதும் இல்லை. மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கப்பட்டன. சோதனை எதற்காக என்பது அப்பெண்களுக்குக் கூறப்படவில்லை. இன்றைய ஆய்வு நெறிகளின்படி இது ஏற்கத்தக்கதன்று. சென்னையில் சோதனை வசதி இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இரயிலில் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மீண்டும் எடுக்கப்பட்ட குருதி அமெரிக்காவில் சோதிக்கப்பட்டு முடிவு உறுதியாயிற்று. தமிழக நல்வாழ்வுத் துறை அமைச்சராயிருந்த எச். வி. ஹண்டே இதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். தொற்று கண்டவர்களுள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்ததைச் சுனிதி பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

ஒய். ஆர். ஜி. கேர்

எச்.ஐ.வி நோயாளிகளைத் தொடவும் மருத்துவர்கள் பலர் தயங்கிய காலம் அது. கணவர் விக்டரும் தொடக்கத்தில் இப்பணியை விரும்பவில்லை. நோயாளிகளின் கதையைக் கேட்டபின் இதைச் சொல்லுமாறு சுனிதி அவருக்கு விடையளித்தார். 1993 இல் தம் தந்தையின் பெயரால் ஒய். ஆர். ஜி. கேர் என்னும் மையத்தைத் தொடங்கினார். அங்கு வந்த பெண்களுள் பெரும்பாலோர் கணவர் ஒருவரையே அறிந்த இல்லத்தரசிகள். ஒழுக்கமே காப்பு என்ற வாதம் இம்மையத்தின் பதிவேடுகளிலேயே பொய்த்துப்போயிற்று.

அப்பதிவேடுகளுக்கு வேறொரு பயனும் இருந்தது. எச்.ஐ.வி தீநுண்மி மனித வெள்ளணுவின் மேலுள்ள சி.டி.4 புரதத்தைப் பற்றியே உள்ளே நுழைகிறது. எலியின் சி.டி.4 அதற்குப் பொருந்துவதில்லை. ஆகவே சாதாரண ஆய்வக எலிக்கு இது தொற்றாது. மரபணுக் குறைபாட்டால் நோயெதிர்ப்பு ஆற்றலற்ற எலிகளில் மனிதத் திசுவைப் பொருத்தும் முறை 1988 இல் அமெரிக்காவில் வெளியானது. பின்னர் மரபணு மாற்றப்பட்ட எலி வகைகளும் உருவாகி மருந்தாய்வுக்கு உதவின. ஆயினும், இந்திய நோயாளியை முதலில் தாக்குவது எந்த நோய் என்பதை எலியிடம் அறிய முடியாது. 2003 இல் சுனிதியும் என். குமாரசாமி முதலியோரும் வெளியிட்ட கட்டுரை, மையத்தின் நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, நுரையீரல் காசநோயே முதன்மையானது எனக் காட்டியது. 2011 இல் முடிவு வெளியான பன்னாட்டு ஆய்விலும் இம்மையம் பங்கேற்றது. 1,763 இணையர்கள் இடம்பெற்ற அவ்வாய்வு, மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைவதை நிறுவியது.

தொற்றுடையோர் தமக்குள் மணம் செய்துகொள்ளச் சுனிதி பொருத்தம் பார்த்தும் வைத்தார். மருத்துவரின் வேலையா இது என்று கேட்போர் இருக்கலாம். மணமாகாதவரை ஊர் விடாமல் கேள்வி கேட்கும் நாட்டில் அது மருந்துக்கு நிகரான உதவியாயிருந்தது. இது பற்றி ஓர் ஆவணப்படமும் வந்துள்ளது.

மறைவு

கணையப் புற்றுநோயால் சென்னையில் தம் இல்லத்தில் காலமானார். 2017 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருதை மறைவுக்குப் பின் வழங்கியது.