பேரறிஞர் டேவிட் போம்

அறிவும் நேர்மையும் ஒருங்கே வாய்த்தோர் உலகிற் சிலரே. அத்தகையாருள் ஒருவராகிய டேவிட் போம் என்னும் பௌதிக அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் அமெரிக்க நாட்டு வில்க்ஸ்-பாரி நகரில் பிறந்தார். பெர்க்லியில் ஓபன்ஹைமரிடம் பயின்றார். இவருடைய ஆராய்ச்சி யுத்த இரகசியமாக்கப்பட்டமையால், 1943-இல் ஆசிரியரின் உறுதிமொழி கொண்டே பட்டம் பெற்றார்.

பின்னர், யுரேனிய வகைகளைப் பிரிக்கும் கருவிகளிற் காந்தப்புலத்தினூடே எரியும் மின்வில்லை ஆராய்ந்தார். வாயு மின்துகள்களாய்ப் பிரிந்த நிலையே பிளாஸ்மா. அத்துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலுமாதலின் எளிதில் வெளியேறா. காந்த வலிமையை இருமடங்காக்கின் கசிவு நாலிலொன்றாகும் என்பது பழைய கணக்கு. போம் கண்டதோ வேறு. பிளாஸ்மாவினுள் அலைவுறும் மின்புலங்கள் துகள்களைக் குறுக்கே தள்ளுதலால், கசிவு பாதியாகவே குறையும் என்றார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் பழையசீவரத்தருகே, வெள்ளச் சுழிகள் நடுவாற்றுத் துரும்பைக் கரைக்கு ஒதுக்குதல் போல்வது இது.

இம்முடிவு 1949-இல் அச்சேறிற்று. இளமையிற் சிறிதுகாலம் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்த போமை, அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு சாட்சிக்கு அழைத்தது. நண்பர்களைக் காட்டிக்கொடுக்க இவர் இசைந்திலர். 1950-இற் கைதானார், 1951-இற் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். எனினும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இவரது பதவியைப் புதுப்பித்திலது. பிரேசில், இஸ்ரேல், இங்கிலாந்து என நாடு பல கண்டார். சென்னை அடையாற்றில் இளமையிற் சிறிதுகாலம் வாழ்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு 1961 முதல் பல்லாண்டு உரையாடி அளவளாவினார். 1992-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

இவரை விலக்கிய பிரின்ஸ்டனிலேயே, அணுக்களைப் பிணைத்துச் சூரியனைப்போல் ஆற்றல்பெற அமைத்த கலங்களிற் பிளாஸ்மா இவர் கூறியவாறே கசிந்தது. அறிஞர் பலர் மனந்தளர்ந்தனர். ஆயினும், 1968-இல் மாஸ்கோவின் டி-3 என்னும் கலம் அவ்வளவினும் நெடிது பிளாஸ்மாவைக் காத்தமை வெளியாயிற்று. 1982-இல் ஜெர்மனியின் கார்ஹிங் நகரிற் பிளாஸ்மாவின் விளிம்பு திடீரென அமைதியுற்றது. அவ்விளிம்பிலுள்ள வலிய மின்புலம் அடுத்தடுத்த அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் ஓட்டிச் சுழிகளைக் கிழிக்கின்றது என்பது பின்னர்த் தெளிந்தது. பயிரை மேய்ந்ததே வேலியுமாயிற்று! நம் நாட்டிலும் 1989-இற் காந்திநகரருகே ஆதித்யா என்னும் கலம் இயங்கத் தொடங்கிற்று.

மாணவ நண்பர்களே, போம் கண்ட கசிவு இயற்கையின் இறுதித் தீர்ப்பன்று. அவர்மேல் அதிகாரம் விதித்ததும் அத்தகையதே. தடை கண்டு தளராது, நேர்மை வழுவாது, உண்மையைத் தேடுவோமாக.