அரசருக்கு ஆளக் கற்றுக்கொடுத்த கும்பகோணத்துக்காரர்

எழுதப் படிக்கத் தெரியாத பட்டிக்காட்டுப் பையன் ஒருவன். அவனுக்கு வயது 12. அவனை நாடாளும் மன்னனாக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் சர் டி. மாதவராவ்.

அன்றைய தஞ்சை ஜில்லா கும்பகோணத்தில் 1828-ல் பிறந்தவர் மாதவராவ். சென்னையில் பவல் துரையிடம் படித்தார். கணக்கில் புலி! 1849-ல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். பிறகு அதே சமஸ்தானத்தின் திவானாக உயர்ந்தார். அப்போது கஜானா கடனில் மூழ்கிக் கிடந்தது. 1863-க்குள் கடன் முழுவதையும் அடைத்தார்.

1875-ல் பரோடா மன்னர் பதவியிழந்தார். மன்னர் குடும்பத்தின் தூரத்து உறவில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார்கள். அவன்தான் சாயாஜிராவ். அவன் வளரும்வரை ராஜ்யத்தை நடத்தும் பொறுப்பு மாதவராவிடம் வந்தது.

எலியட் என்ற ஆங்கில ஆசிரியர் சிறுவனுக்குச் சரித்திரமும் மற்றப் பாடங்களும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஏட்டுப் படிப்பு மட்டும் போதுமா? நாடாளும் பாடத்தை மாதவராவே நடத்தினார். நிலவரி, நீதி, அரண்மனைச் செலவு, குடிமக்கள் நலம் எல்லாவற்றையும் எளிமையாக விளக்கினார். அந்தச் சொற்பொழிவுகள் 1881-ல் புத்தகமாயின. அந்த ஆண்டு டிசம்பரில் சாயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

மாதவராவ் 1891-ல் காலமானார். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் எதிரே அவர் சிலை நிற்கிறது.

அவருடைய மாணவர் 1906-ல் பரோடா முழுவதும் கட்டாய ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தார். 12 வயதுவரை எழுத்தறியாதிருந்தவர், தம் நாட்டுப் பிள்ளைகள் அனைவரையும் பள்ளிக்கு அனுப்பினார்!