மகாத்மாவும் ஆட்டுப் பாலும்

காந்திஜியைக் கேலிச் சித்திரமாக வரைந்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இடுப்பில் முழத் துண்டு, மூக்குக் கண்ணாடி, கையில் தடி, பக்கத்தில் ஒரு வெள்ளாடு. இவ்வளவும் போட்டுவிட்டால் போதும். கீழே பெயர் எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளாடு அவருடைய வாழ்க்கையில் மிகவும் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 49. அதை அவர் விரும்பி வரவழைக்கவும் இல்லை. ஆட்டுப் பால் அவருக்கு மிகவும் பிடித்த ஆகாரம் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் அநேகர். ஒவ்வொரு நாளும் அதைக் குடித்த மனிதரோ, அதை விட்டொழிக்க வழி கிடைக்காதா என்று கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார்.

முட்டையும் தாயின் வாக்கும்

போர்பந்தரில் 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி பிறந்த மோகன்தாஸ், பரம்பரை வைஷ்ணவக் குடும்பத்துப் பிள்ளை. அத்தகைய வீடுகளில் பாலும் நெய்யும் தயிரும் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. மாமிசத்தின் வாடையே ஆகாது. ஆனாலும் பள்ளிப் பருவத்தில் ஒரு நண்பனின் பேச்சைக் கேட்டு, ஆற்றங்கரையில் மறைவாக ஆட்டிறைச்சி தின்று பார்த்தார். அன்றிரவு முழுதும் உறக்கம் இல்லை. கண்ணை மூடினால், உயிருள்ள ஆடு ஒன்று வயிற்றுக்குள்ளிருந்து கத்துவது போலத் தோன்றிற்றாம்.

1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் புறப்பட்டபோது, மதுவையும் மங்கையரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயார் புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தார். லண்டனில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சங்கடம் முளைத்தது. முட்டை மாமிசம் ஆகாது என்று சிலர் வாதித்தார்கள். அந்த வாதத்தில் மயங்கிச் சில நாட்கள் முட்டையும் சாப்பிட்டார். பிறகு யோசித்தார். சத்தியம் வாங்கிக் கொண்டவர் தாயார். அவருடைய அகராதியில் முட்டையும் மாமிசம்தான். ஆகவே, வாக்குக் கொடுத்தவர் தமக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. வாங்கியவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ அதுவே அர்த்தம் என்று முடிவு கட்டினார். முட்டை அன்றோடு நின்றது.

இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. முப்பது வருஷம் கழித்து இதே நியாயம் அவரையே வந்து வழிமறித்தது.

டால்ஸ்டாய் பண்ணையில்

பால் ஆசைகளைத் தூண்டும் பொருள், பிரம்மசரியத்துக்கு உதவாது என்று அவருக்கு முதலில் சொன்னவர், பம்பாய் வைர வியாபாரியும் ஜைன ஞானியுமான ராய்சந்த்பாய். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, கல்கத்தாவிலிருந்து சில துண்டுப் பிரசுரங்கள் அவர் கைக்கு வந்தன. மடியில் கடைசிச் சொட்டு வரையில் கறந்துவிட வேண்டும் என்பதற்காகப் பசுக்களுக்கும் எருமைகளுக்கும் மாட்டுக்காரர்கள் இழைத்த கொடுமைகளை அவை விவரித்தன. 'பூக்கா' என்று பெயர் பெற்ற அந்த முறையை இங்கே விவரிக்காமல் விடுவதே நாகரிகம். படித்த காந்திஜிக்குப் பால் குமட்டியது.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் பரப்பில் இருந்தது டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அதை 1910-ல் கொடுத்தவர் காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூதர். கட்டடக் கலை நிபுணர். பண்ணைவாசிகளில் தமிழர்கள் கணிசமானவர்கள். தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காந்திஜியே தமிழ்ப் பாடம் நடத்தினார் என்பது நமக்கு ருசியான செய்தி. அங்கே 1912-ல் ஒரு நாள், பாலின் தீமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறோமே, ஏன் அதை விட்டுவிடக் கூடாது என்று காலன்பாக் கேட்டார். இருவரும் அந்த இடத்திலேயே பாலை விட்டார்கள். நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று ஏழைக்கும் எட்டக்கூடிய சாப்பாடு ஆரம்பமாயிற்று. ஆறு வருஷம் அப்படியே நடந்தது.

புட்டி மேல் இருந்த சீட்டு

1914 ஆகஸ்டில், முதல் உலக யுத்தம் மூண்ட அதே வாரத்தில் காந்திஜி லண்டனில் இறங்கினார். சில வாரங்களில் 'ப்ளூரிசி' என்னும் நுரையீரல் உறை வீக்கம் கண்டது. வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஜீவராஜ் மேத்தா. பால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார் அவர். காந்திஜி தம் ராஜீய குருவாக மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். குருவின் சொல்லை எடுத்த எடுப்பில் தட்ட முடியுமா? ஒரு நாள் அவகாசம் கேட்டார். இரவெல்லாம் யோசித்தார். காலையில், பால் மட்டும் முடியாது என்று பணிவோடு சொல்லிவிட்டார். கோகலேக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அந்த நோயின்போது நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தியா மந்திரியின் உதவி மந்திரி சார்ல்ஸ் ராபர்ட்ஸின் மனைவி சிஸிலியா சீமாட்டி, நோயாளியைப் பார்க்க வருவார். பால் வேண்டாம் என்றால் பாலுக்கு ஈடாக ஏதாவது தேடித் தருவோம் என்று கிளம்பினார் அந்த அம்மாள். 'மால்ட்டட் மில்க்' என்ற பொடியில் பால் துளிகூடக் கிடையாது, ரசாயன முறையில் பாலின் குணங்களை எல்லாம் சேர்த்துச் செய்தது என்று யாரோ நண்பர் சொல்ல, அதை நம்பி ஒரு புட்டி வாங்கி அனுப்பினார். காந்திஜியும் நம்பிக் கரைத்துக் குடித்தார். ருசி அசல் பால்! புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பாலிலிருந்து செய்தது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. சீமாட்டி பதறிப்போய் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். தெரியாமல் குடித்ததில் பாவம் இல்லை என்று காந்திஜியே அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கடையில் வாங்கும் புட்டியின் சீட்டைக் குடிப்பதற்கு முன்னால் படிப்பது உத்தமம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

கஸ்தூரிபாயின் வாதம்

1918-ம் ஆண்டு. கேடா ஜில்லாக் குடியானவர்களின் சத்தியாக்கிரகம் முடிந்து, பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையில் ஊர் ஊராக அலைந்து கொண்டிருந்தார் காந்திஜி. அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சம்பழமுமே சாப்பாடு. லேசாகச் சீதபேதி கண்டிருந்தது. பட்டினி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அன்று ஏதோ பண்டிகை. விரதம் கெடாமல் இருக்க நெய்க்குப் பதிலாக எண்ணெய் விட்டு, கோதுமையில் இனிப்புக் கஞ்சி செய்து, ஒரு கிண்ணம் பச்சைப் பயறும் எடுத்து வைத்திருந்தார் கஸ்தூரிபாய். வேண்டாம் என்று சொல்லியிருந்தவர், ஆசையோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சீதபேதி கடுமையாயிற்று. நடியாத் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நாளில் முப்பது, நாற்பது தடவை போயிற்று.

அம்பாலால் சாராபாய் அவரை ஆமதாபாத்தில் உள்ள தம் பங்களாவுக்கு எடுத்துச் சென்றார். உடம்பு தேறவில்லை. ஒரு நாள் இரவு, முடிவு வந்துவிட்டது என்றே எண்ணினார். வைத்தியர்கள் மாறினார்கள், யோசனைகளும் மாறின. குஞ்சு பொரிக்காத முட்டையில் உயிர் இல்லையே, அதையாவது சாப்பிடலாம் என்றார் ஒருவர். காந்திஜி இணங்கவில்லை. மாதேரான் மலைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டு அவஸ்தை அதிகமாயிற்று.

1919 ஜனவரியில் பம்பாயில் டாக்டர் தலால் அதற்கு ரண சிகிச்சை செய்தார். இரும்பும் பாஷாணமும் ஊசி மூலம் ஏற்றுகிறேன், அதோடு பாலும் குடித்தால் உடம்பைத் தேற்றுவது என் பொறுப்பு என்றார் அவர். ஊசி போடலாம், பால் முடியாது. அது விரதம் என்றார் காந்திஜி. விரதத்தின் காரணத்தை டாக்டர் கேட்டார். பசுவுக்கும் எருமைக்கும் நேர்ந்த கொடுமைகளைக் காந்திஜி விவரித்தார்.

கட்டில் அருகில் நின்று கேட்டுக் கொண்டிருந்த கஸ்தூரிபாய் சட்டென்று குறுக்கிட்டார். காரணம் அதுதான் என்றால் ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார். ஆட்டுப் பாலே போதும் என்றார்.

பெரிய வக்கீல்களும் ராஜதந்திரிகளும் செய்ய முடியாததை, பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மையார் ஒரே கேள்வியில் செய்து முடித்தார்! காந்திஜி இணங்கினார்.

ஏன் இணங்கினார் என்பதையும் அவரே சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ரௌலட் கமிட்டியின் சிபாரிசுகளை நோய்ப் படுக்கையில் பத்திரிகையில் படித்திருந்தார். விசாரணையின்றிச் சிறையில் அடைக்க அதிகாரம் தரும் சட்டம் வரப்போகிறது. அதை எதிர்த்துப் போராட உயிர் வேண்டும். பிழைத்திருக்க வேண்டும் என்ற ஆசை ஜெயித்தது. பாலை விட்டபோது தம் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தான் என்பது மெய். ஆனால் பால் என்றால் எல்லாப் பிராணிகளின் பாலும்தான் என்று அவர் மனச்சாட்சிக்குத் தெரியும். விரதத்தின் எழுத்து பிழைத்தது, உயிர் போயிற்று என்று வருந்தினார். லண்டனில் முட்டையைத் தள்ளி வைத்த அதே நியாயப்படி பார்த்தால், அவருடைய தீர்ப்பு அவருக்கே பாதகம். இவ்வளவு கடுமையாகத் தம்மைத் தாமே நிறுத்துப் பார்க்க வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். அவருக்கு அது உண்மையான வேதனை.

உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. மார்ச் 18-ம் தேதி சென்னைக்கு வந்தார். கூட்டங்களில் அதிக நேரம் நின்று பேச அப்போதும் முடியவில்லை. ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான், விடியற்காலையில் அரைத் தூக்கத்தில், தேசம் முழுதும் ஹர்த்தால் அனுஷ்டிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. காலையில் ராஜாஜியிடம் சொன்னார். ஏப்ரல் 6-ம் தேதி நாடே கடையடைத்தது.

பாதாமும் தேங்காயும்

அதன்பின் பாலுக்கு ஈடாகத் தாவரப் பொருள் ஏதாவது உண்டா என்ற தேடல் நிற்கவே இல்லை. புத்தகத்தில் படித்ததைச் சொல்லாமல், அனுபவத்தில் கண்டவர்கள் யாராவது சொல்ல மாட்டார்களா என்று வைத்தியர்களைச் சுயசரிதையில் கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் தாம் எழுதிய ஆரோக்கிய நூலை நம்பிப் பாலை விட்டவர்கள், பலன் தெரியாமல் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். ஜீரண சக்தி குறைந்தவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் பாலுக்கு நிகர் இல்லை என்று ஒப்புக்கொண்டார். தம் கொள்கைக்கே விரோதமான சாட்சியத்தைத் தாமே வெளியிடும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்?

1927-ல் பெங்களூரில் இருந்த அரசாங்கப் பால் பண்ணை நிலையத்துக்குப் போய்ப் பாடம் கேட்டார். வருகைப் பதிவேட்டில் தம்மைச் சபர்மதி விவசாயி என்று எழுதினார். பசுவின் காவலர், பசுவின் பாலைத் தொடாதவர்!

1929-ல் சமைக்காத உணவில் இறங்கினார். முளை கட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் பருப்பு 8 தோலா, இடித்த கீரை 8 தோலா, 6 எலுமிச்சம்பழம், தேன் 2 அவுன்ஸ் என்று கணக்கு வைத்துச் சாப்பிட்டார். கோதுமைக்குப் பதில் கடலை சேர்த்த நாட்களில், பாதாமுக்குப் பதில் தேங்காய்ப் பால். சில வாரங்கள் கழித்துச் சீதபேதி வந்து சேர்ந்தது. மறுபடியும் ஆட்டுப் பால்தான். 1935-ல் வார்தாவின் மகன்வாடியில் சோயா மொச்சையைப் பரீட்சை செய்தார். 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கிய நூலைத் திருத்தி எழுதியபோதும், பாலோ பாலிலிருந்து செய்த பண்டமோ இல்லாமல் சைவ உணவுக்காரர்கள் காலம் தள்ளுவது கடினம் என்றே அவரால் எழுத முடிந்தது.

அவர் தேடிய விடையில் ஒரு பகுதி இப்போது தெரியும். ரத்த விருத்திக்கும் நரம்புகளுக்கும் இன்றியமையாத பி-12 என்னும் வைட்டமினைத் தாவரங்கள் உண்டாக்குவதில்லை. பாலிலும் முட்டையிலும் மாமிசத்திலும் அது இருக்கிறது. அதை விஞ்ஞானிகள் சிவப்புப் படிகங்களாகப் பிரித்தெடுத்தது 1948-ல். காந்திஜி மறைந்த அதே வருஷம். இன்று கடைகளில் சோயாப் பால், பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். புரதத்தில் சோயாப் பால் பசும்பாலுக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. பலவற்றில் சுண்ணாம்புச் சத்தும் பி-12-ம் தனியாகச் சேர்க்கிறார்கள், சிலவற்றில் சேர்ப்பதில்லை. சிஸிலியா சீமாட்டி அனுப்பிய புட்டியைப் போலவே, சீட்டைப் படித்தால்தான் தெரியும்.

1947-ன் தொடக்கத்தில், நவகாளிக் கிராமங்களில் வெறுங்காலோடு நடந்து கொண்டிருந்தபோது, ஓர் ஊரில் ஆட்டுப் பால் அகப்படவில்லை. பேத்தி முறையான மனு கவலைப்பட்டார். தேங்காய்ப் பால் போதுமே என்றார் காந்திஜி. வழக்கமான 8 அவுன்ஸ் அளவிலேயே குடித்தார். வயது 77. வயிறு தாங்கவில்லை, பேதியாகி, மாலைக்குள் துவண்டு விழுந்தார்.

மறுவருஷம் ஜனவரி 30-ம் தேதி மாலை, டில்லி பிர்லா மாளிகையில் சர்தார் படேலோடு பேசிக்கொண்டே ஆகாரம் செய்தார். பச்சைக் காய்கறி, வேகவைத்த காய்கறி, ஆரஞ்சு, ஆட்டுப் பால். பேச்சு நீண்டுவிட்டதால் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, தோட்டத்தை நோக்கி வேகமாக நடந்தார்.